தீர்த்தம் தெளிக்கும் முன்னால் தின்ற பழம்

தேவிக்குப் பெண்கள் தெருவிலேயே பானை வைத்துப் பொங்குகிற பொங்காலை அன்று விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செங்கல் மூன்றையும் முந்தின நாளே தெருவில் வைத்து அடுப்புக் கூட்டியாகிவிட்டது. புதுப்பானை கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பச்சரிசி, சர்க்கரைக்கட்டி, தேங்காய்த் துருவல், காய்ந்த தென்னம்பாளையைக் கீறிக் கட்டின கொதும்பு எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. ஆனாலும் நான் மாடிக்கும் தெருவுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை தீப்பெட்டிக்கு, ஒரு தடவை கரண்டிக்கு, ஒரு தடவை எதற்கென்று எனக்கே தெரியாமல்.

“ஒரு இடத்துல இரி அம்மா. உன்னப் பாத்து எனக்கு காலு வலிக்கு” என்றாள் என் மகள்.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் கால்வலி என்று அவள் வாயில் வந்தால் நான் உடனே அவள் காலைத்தான் பார்ப்பேன். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆரியசாலையில், வற்றல் மிளகாய் மண்டி ஒன்றின் மாடியில். நானும் மகளும் மட்டும்தான். அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சாலைக் கம்போளச் சந்தையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சீக்கிரம் தளர்ச்சி வரும். மாடிப்படி ஏறினால் நடுப்படியில் நின்று, ஏதோ யோசிப்பதுபோல் சுவரைப் பார்ப்பாள். பிறகு ஏறுவாள். பெலமில்லாத உடம்பு என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் அப்படியே நினைத்திருந்தோம்.

போன ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு விரதம் பிடித்தாள். பாலும் பழமும்கூட வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று பிடித்த பிடியில் நின்றாள். விரதம் முடியும் முன்பே கடையில் வைத்து விழுந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கும்போது ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுத்துக் கிடப்பவளுக்கு எதற்கு அப்படி மூச்சு வாங்க வேண்டும்? ரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டது என்றார்கள். ரத்தத்தில் எப்படிப் புளிப்பு ஏறும், இவள் ஒன்றுமே தின்னவில்லையே என்று நான் நர்ஸிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. காதும் கொஞ்சம் மந்தம். ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதற்குக் கூச்சப்பட்டே பாதி விஷயங்களை விட்டிருக்கிறேன்.

ஊசியும் பரிசோதனையுமாக ஒரு மாதத்துக்கு மேல் போனது. தொடையிலிருந்து கடுகளவு சதை எடுத்து எங்கோ அனுப்பினார்கள். கடைசியில் ஒரு டாக்டர், என் மகளைவிடச் சின்னவள், எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னாள். நாம் தின்கிற ஆகாரத்தை உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லும் எரித்துத்தான் பலமாக்குகிறது, இவளுக்கு அந்த இடத்தில்தான் கோளாறு என்றாள்.

எரிப்பது என்ற சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. உடம்புக்குள் எரிகிறது என்றால் சூடுதானே? அதனால்தான் காலெல்லாம் காந்துகிறது என்கிறாள், ரத்தம் புளிக்கிறது. இது தெரியாத நோயா என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து குழம்பில் மிளகாயைக் குறைத்தேன். மோரும் வெந்தயமும் வெள்ளரிக்காயும் கொடுத்தேன். சனிக்கிழமை உச்சியில் எண்ணெய் வைத்து அரக்கித் தேய்த்தேன். மிளகாய் மண்டியின் மேல் குடியிருந்துகொண்டு சூட்டைக் குறைக்கப் பார்த்தவள் நான்.

அவள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மறுபடி வெள்ளரிக்காய் நறுக்கும்போது, அரிவாள்மணைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, எனக்கு சூடு கூடுதல் இல்ல. எனக்கு எரிகதே பத்தல்ல, கேட்டியா” என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதை நான் என் பாஷையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் கிளாஸ் வரை படித்த தலைக்கு எட்டின அளவுக்கு எட்டியது. தின்ற சோறு வயிற்றிலும் குடலிலும் கரைந்து ஒரு வகைச் சர்க்கரையாகிறது. அது ரத்தத்தோடு ஓடி ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு அறை. அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சர்க்கரை இரண்டு துண்டாக உடைகிறது. இதற்குக் காற்று வேண்டாம், ஆனால் கிடைக்கிற பலமும் சொற்பம்தான். அறைக்குள் சின்னச் சின்ன உறைகள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் சொன்னாள். அந்தப் பெயர் என் நாக்கில் நிற்காது. நான் உறை என்றே சொல்கிறேன். துண்டுகள் இரண்டும் உறைக்குள் போய்த்தான் முழுக்க உடைகின்றன. கரி எல்லாம் கரியமில வாயுவாக நம் மூச்சில் வெளியே போகிறது. மிச்சமிருப்பதைப் பலமாக மாற்றுவதற்கு உறைக்குள் ஒரு வரிசை நிற்கிறது. நாம் இழுக்கிற பிராணவாயு அந்த வரிசையின் கடைசியில் கைநீட்டிக் காத்திருக்கிறது.

“வரிசைன்னா?” என்றேன்.

“நம்ம கம்போளத்துல லாரியில இருந்து சாக்கு எறக்குகாவல்லா, அது மாதிரி. ஒருத்தன் கையில இருந்து அடுத்தவன் கைக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சம் பெலம் கிட்டும். கடைசி ஆளு வாங்கி வச்சாத்தான் முதல் ஆளு அடுத்ததத் தூக்க முடியும். கடைசி ஆளுதான் பிராணவாயு. அது வாங்கினா தண்ணியாயிடும். அவ்வளவுதான்.”

எனக்கு உடனே கண்முன் வந்தது சாலையில் காலைநேரத்து நெரிசல். முன்னால் ஒரு சாக்கு இறங்காவிட்டால் கைவண்டிகளெல்லாம் பழவங்காடி வரைக்கும் தேங்கி நிற்கும்.

“உனக்கு மூச்சு வரல்லியா அப்போ?” என்று கேட்டேன்.

“மூச்சு நல்லா வருகு. சர்க்கரையும் இருக்கு. நடுவுல கை மாத்தி விடுகவனுவ கொஞ்சம் பேரு வேலைக்கு வரல்ல.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே போக முடியாத துண்டுகள் வெளியிலேயே தேங்கிப் புளிப்பாக மாறிவிடுமாம். தயிர் புளிப்பதும் அதே சங்கதிதானாம். அந்தப் புளிப்புதான் அவள் காலில் காந்துவது. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எடுத்துக் கரைக்கப் பார்க்கும். கொழுப்பைக் கரைக்க உறையை விட்டால் வேறு வழியில்லை. அங்கேதான் ஆள் இல்லையே. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேரம் வயிறு காயக்கூடாது. காய்ந்தால் போன ஐப்பசிதான் மறுபடியும்.

நான் வெள்ளரிக்காயை அப்படியே விட்டுவிட்டேன். கை ஓடவில்லை.

“அந்த உறை எல்லாம் எங்கேருந்து வருகு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

அவள் நறுக்கின துண்டுகளைத் தட்டில் ஒதுக்கினாள். பிறகு, அது அம்மை வழியாக மட்டுமே வரும், அப்பனிடமிருந்து வராது என்றாள். டாக்டர் என்னிடம் காது எப்போதிலிருந்து மந்தம் என்று விசாரித்ததும், என் கையிலும் ரத்தம் எடுத்ததும் அப்போதுதான் எனக்குப் பொருள்பட்டது. என் முகம் எப்படிப் போனதோ, அவள் என் முழங்காலில் தட்டி, “நகையொண்ணும் தரல்ல. இதயாவது அம்மை வழி சொத்துன்னு தந்தியே, போட்டும், விடு” என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அவள் கடைக்குப் போனால் ஜன்னலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பேன். படியில் அவள் காலடி கேட்டால், நடுப்படியில் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். என் உடம்பிலும் அந்த வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் சொல்லாமல், நான் தூங்கினாலும் ஓடுகிறது என்று நினைத்தால் எனக்கு என்னவோபோல் ஆகும். நிற்காமல் ஓடுகிற அதைப் பற்றி யோசிக்க யோசிக்க நானும் நிற்காமல் நடப்பேன்.

அவள் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது. “நாளைக்கு நான் தெருவுல எறங்கினா, தீனக்காரி, சீக்குக்காரி வருகான்னு பாக்கப்பிடாது. நீ யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு எனக்கு வாக்கு தா” என்றாள். கொடுத்தேன். பேசாமல் இருப்பதற்கு வாக்குக் கொடுப்பது எனக்குக் கஷ்டமான காரியமில்லை என்று அப்போது நினைத்தேன்.

இந்த வருஷம் மாசியில், பொங்காலையைத் தானே வைக்கப்போவதாகச் சொன்னாள். எப்போதும் நான்தான் வைப்பேன், அவள் கூடநின்று கொதும்பு எடுத்துத் தருவாள். தன் கையால் ஒரு பானை பொங்கவேண்டும், மற்ற பெண்களைப்போல. அவ்வளவுதான் அவள் ஆசை. அதை எப்படி வேண்டாம் என்பது? டாக்டரிடம் கேட்டோம். வைக்கலாம், ஆனால் விரதம் கூடாது, காலையில் வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டு இறங்க வேண்டும், நடுவிலும் தின்ன வேண்டும் என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள் என் மகள். பொங்காலை நாள் விடிந்ததும் நான் குழையக் காய்ச்சின கஞ்சியைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நீ போய்ப் பானையைப் பார், நான் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். கொஞ்சநேரத்தில் நனைந்த தலையும் புதுப்புடவையுமாக இறங்கி வந்தாள். குடித்தாயா என்று கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டினாள்.

வெயில் ஏறிவிட்டது. தெரு நெடுகிலும் செங்கல் அடுப்புகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருத்தி. எங்களுக்கு இந்தப் பக்கம் எதிர்வீட்டு மைனி. அவள் என்னைவிட இளையவள்தான், ஆனாலும் இந்தத் தெருவே அவளை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும், அவளும் என்னை மைனி என்பாள். அந்தப் பக்கம் போனக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்த இரண்டு பேர். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்கள். வருஷாவருஷம் எங்கள் தெருவில்தான் வைப்பார்கள். எல்லாரும் தேவி கோயிலில் தீ மூட்டுகிற நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அங்கே மூட்டின தீ அடுப்பிலிருந்து அடுப்புக்கு, கை மாறிக் கை மாறி எங்கள் தெருவுக்கு வரவேண்டும்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ நான் மாடிக்கு ஏறினது ஏலக்காய்க்கு. அடுக்களையில் அலமாரிப் பக்கம் கை நீட்டும்போது, அம்மிக்குப் பின்னால் ஒரு தட்டுப் போட்டு மூடின தம்ளரைப் பார்த்தேன். தட்டை எடுத்தேன். கஞ்சி அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

தம்ளரைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு மிடறும் குறைந்திருக்கவில்லை. அவள் இரவு சாப்பிட்டதுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பூசாரி வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்து நிவேத்தியம் ஆக மத்தியானம் தாண்டும். அதுவரை இந்த வெயிலிலும் புகையிலும். உறைக்குள் ஆளில்லாத வரிசை என் கண்ணுக்குள் வந்து நின்றது. சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்குவது தெரிந்தது. அவித்து வைத்திருந்த ஏத்தம் வாழைப்பழம் இரண்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அதற்குள் தீ வந்துவிட்டது. பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடும் குரவைச் சத்தம் தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடியது. என் மகள் குந்தி உட்கார்ந்து, மைனி அடுப்பிலிருந்து ஒரு கொதும்பைப் பற்றவைத்துத் தன் அடுப்புக்குள் வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதையும் சொல்லத்தானே வேண்டும். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

பக்கத்தில் குனிந்து, புகைக்குள், கஞ்சியைப் பார்த்தேன் என்றேன்.

அவள் அடுப்பை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எல்லாரும் விரதம், தான் மட்டும் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து தேவிக்குப் பொங்கல் வைப்பதா என்று முணுமுணுத்தாள். இன்று ஒரு நாள்தானே என்றாள். பையைக் காட்டினேன். முகம் சுளித்தாள். “எல்லாரும் பாக்காவ அம்மா. இங்க வச்சா திங்க? எனக்கு வய்ய, முடியாது” என்று மட்டும் சொன்னாள்.

மாடிக்கு வா என்றேன். பானையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மைனியின் அடுப்புவரை போய்த் திரும்பினேன். பானைத் தண்ணீர் சூடாகத் தொடங்கியது. அவள் அரிசி களைந்து போட்டாள். போடும்போது ஒரு பிடி பானைக்கு வெளியே விழுந்தது. புகையால் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு குந்தினவள் மெதுவாகத் தரையில் சரிந்து உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. பெண்கள் யாரும் கவனிக்கவில்லை. புகையில் எல்லாருக்கும்தான் மூச்சு முட்டியது, எல்லாருக்கும்தான் கண்ணில் தண்ணீர்.

அடுப்பு ஒன்று சரியாகப் பற்றாமல் புகைந்தது. கொதும்பு ஈரம். அவளுக்குள் நடப்பதும் இதுதான் என்று தோன்றியது. தீ என்று சொல்லப்படாது, அங்கே தீயே கிடையாது, எல்லாம் படிப்படியாக மெல்ல நடப்பது என்று அவள் என்னைத் திருத்தியிருக்கிறாள். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்க்கு வேறென்ன தோன்றும்? விறகு இருக்கிறது, காற்று இருக்கிறது, பானை மட்டும் கொதிக்கவில்லை.

மைனியிடம் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், தெருவே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் பிள்ளை பிழைப்பாள், என்னை மன்னிக்கமாட்டாள். சொல்லாவிட்டால்? அந்த நினைப்பை நான் முடிக்கவில்லை.

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தேன். தோலை உரித்தேன். வெட்டவெளியில், நடுத்தெருவில், இத்தனை பெண்களுக்கு நடுவில், பாதியைக் கடித்தேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தீர்த்தம் தெளிக்கும் முன்னால் நான் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கடைசி இலையில், சுவரைப் பார்த்து உட்காருகிறவள் நான். பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். காதுமடல் சுட்டது.

முதலில் பார்த்தது போனக்காட்டுக்காரிகளில் மூத்தவள். அவள் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். பிறகு மைனி திரும்பினாள்.

“இதென்ன மைனி, தேவிக்கு முந்தி உங்களுக்கா நிவேத்தியம்?” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆளுக்கு வயதாகிவிட்டது, பசி பொறுக்கவில்லை என்று யாரோ பின்னாலிருந்து சொன்னதும் கேட்டது. மந்தக் காதுக்கு அதெல்லாம் மட்டும் நன்றாகக் கேட்கும்.

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

பழத்தை விழுங்கிவிட்டு நான் பேசினேன். தெருவில் நின்று நான் சத்தமாகப் பேசினது அதுதான் முதல்.

“கெறக்கமாட்டு வருகு மைனி. திங்காம நிக்க முடியல்ல. ஆனா ஒத்தைக்குத் திங்க நாணமா இருக்கு. இவளும் என்கூட ரெண்டு வாய் தின்னாத்தான் எனக்கு எறங்கும்.”

தெருவுக்கே தெரியும் என் கூச்சம். இத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு பாரம்தான். அன்று அது வேலைக்கு வந்தது.

மைனியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏட்டி, அம்மை கெறங்குகா, நீ பாத்துகிட்டு இருக்கியே. கூடத் தின்னு மக்ளே. தேவியும் ஒரு பெத்தவதான், ஒண்ணும் நெனைக்கமாட்டா” என்று என் மகளை அதட்டினாள். மூத்தவள் எழுந்து வந்து என்னைக் கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள். என் மகளையும் அப்படியே இழுத்து என் பக்கத்தில் உட்கார்த்தினாள். உங்கள் அடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இளையவள் எங்கள் பானைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மிச்சப் பாதியை நீட்டினேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. நான் கையை மடக்கவில்லை. அவள் வாங்கினாள். தின்றாள். இரண்டாவது பழத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். மைனி ஒரு தம்ளரில் சர்க்கரைக்கட்டி கரைத்த தண்ணீர் கொண்டுவந்தாள், எனக்கென்று. நான் ஒரு மிடறு குடித்துவிட்டு அதை மகளிடம் தள்ளினேன். உதடு நனையக் குடித்தாள், பிறகு முழுவதும் குடித்தாள்.

நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சர்க்கரை ரத்தத்தில் ஓடி, அறைக்குள் நுழைந்து, இரண்டாக உடைந்து, இருக்கிற கொஞ்சம் ஆட்கள் கை மாற்றி, எங்கோ கடைசியில் ஒரு பிராணவாயு வாங்கிக்கொள்ள வேண்டும். தேவியைக் கும்பிடவில்லை நான். அந்தக் கொஞ்சம் ஆட்களைத்தான் கும்பிட்டேன். என்னிடமிருந்து போனவர்கள்தானே, எனக்காக ஒரு கை கூடுதலாகப் பிடியுங்கள் என்று.

வெகுநேரம் கழித்து மூச்சின் ஏற்ற இறக்கம் சமமானது. உதட்டில் நிறம் வந்தது. காலைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். இளையவள் அங்கிருந்து, பொங்கப்போகிறது, ஓடி வா என்று கூப்பிட்டாள். ஓடவில்லை, சுவரைப் பிடித்து எழுந்து நடந்தாள். அவள் போய் நின்றபோதுதான் பானை பொங்கியது. கிழக்குப் பக்கமாக நுரைத்து வழிந்தது. குரவை போட்டார்கள். அவளும் வாயில் கை வைத்துக் குரவை போட்டாள். அதற்கு மூச்சு இருந்தது அவளுக்கு.

தீர்த்தம் தெளித்து எல்லாம் முடிந்து, பானையைச் சும்மாட்டில் வைத்து நான் படியேறினேன். அவள் பின்னால் வந்தாள். நடுப்படியில் நின்றாள். நானும் நின்றேன். வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“கெறக்கம் வந்ததுன்னு சொன்னியே, அது நெசமாட்டா, கள்ளமா?”

யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் கெண்டைக்கால் இரண்டும் காந்தினது நிஜம். கண் இருட்டினதும் நிஜம். நானும் அதே விரதம்தான், அதே உறைதான்.

“தெரியல்ல மக்ளே” என்றேன்.

“அடுத்த வருஷம் கஞ்சியக் குடிச்சிட்டே எறங்குகேன். நீயும் குடிக்கணும்” என்றாள்.

சரி என்றேன். பானை கனத்தது, நீ முன்னால் ஏறு என்று ஓரமாக ஒதுங்கினேன். அவள் ஏறின பிறகு நான் ஏறினேன்.